கிண்ணத்தைத் தூக்காத சீனர்

உய்சொங், சந்தைத் தெரு
2 செப்டம்பர் 1969

என் செல்ல நாத்தி கில்ஜாவுக்கு,

புது வீட்டுக்குக் குடிபோகிற அமளியில் இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வருமோ. எப்போது வந்தாலும் உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

எண்ணெய்க்கடை நன்றாக ஓடுகிறது. இந்த வருஷத்து எள் நல்ல எள். பிழிந்து பிழிந்து என் தலைமுடி, போர்வை எல்லாம் அதே வாசனைதான். போன மாதம் உனக்கு ஒரு பாட்டில் அனுப்பினேனே, வந்ததா வரவில்லையா என்று ஒரு வரி எழுதினாயா? இஞ்சொனுக்குப் போனதும் கை வலி வந்துவிட்டது போலிருக்கிறது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். சந்தை முனையில் சவரக்கடை வைத்திருக்கிற பியோவை உனக்கு நினைவிருக்கும். மனைவியை இழந்தவர். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறார், தன் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. இந்தக் கோடை முழுக்க அவர் என்னிடம் எண்ணெய் வாங்க வந்துகொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“முந்தாநாள்தானே வாங்கினீங்க? அதுக்குள்ள தீர்ந்துபோச்சா?”

“எண்ணெய் தீரலைங்க. பேச ஆளில்லாம நான்தான் தீர்ந்துபோயிட்டேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்னங்க?”

எனக்குச் சிரிப்பதா, விரட்டுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

உன் அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது எனக்கு இருபது வயது, நீ ஜடை போட்டுக்கொண்டிருந்த பெண். ‘காணவில்லை’ என்று ஒரு தாள் வந்தது, சண்டை நின்ற பிறகு ‘இறந்துவிட்டார்’ என்று இன்னொரு தாள். உன் அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவரும் என்னைத் தன் சொந்தப் பெண் மாதிரிதான் வைத்திருந்தார். இப்போது அந்த வீட்டில் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். உன்னைக் கேட்காமல் நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், பியோ வேறு எண்ணெய்க்கடை பார்த்துக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கும் உன் மாமனாருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

இந்த வயதில் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் உன் அண்ணி,
ஒக்நாம்

இஞ்சொன்
14 செப்டம்பர் 1969

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதி உறையை ஒட்டிவிட்டேன். “கேட்பானேன், உடனே கட்டிக்கொள்ளுங்கள்” என்று இரண்டு பக்கம் கேலியாக எழுதியிருந்தேன். அந்த உறையை இன்று காலை கிழித்துப் போட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுதான் குடிவந்தோம். சாமான் மூட்டை ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. குடிபோகிற நாளில் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லையே, கறுப்புச் சோயாச் சாந்து போட்ட சீன நூடுல்ஸ்தானே சாப்பாடு. வரவழைத்துச் சாப்பிடலாம் என்றேன். “மூட்டை மேல உட்கார்ந்து நான் சாப்பிட மாட்டேன், கடைக்குப் போவோம்” என்று மாமனார் அடம்பிடித்தார். மேட்டுத் தெரு இறக்கத்தில் சுன்ஹே என்று ஒரு சின்னச் சீனக்கடை இருக்கிறது. உள்ளே நாலு மேசைதான். அங்கே போனோம்.

கடைக்காரர் பெயர் யூ. பெருத்த உடம்பு, தொங்கு மீசை, எண்ணெய்ப் பிசுக்கேறிய மேலங்கி. “வாங்க வாங்க! நம்ம ஆளு நல்ல நூடுல்ஸ் பண்ணும்! சாந்துங் நூடுல்ஸ்!” என்று, தன்னையே ‘நம்ம ஆளு’ என்று சொல்லிக்கொள்கிற சீனர்களின் அரைகுறைப் பேச்சில் வரவேற்றார். மாமனாருக்கு அந்தப் பேச்சைக் கேட்டே பாதி வயிறு நிறைந்துவிட்டது. உள்ளே மாவைப் பலகையில் படார் படார் என்று அடித்து இழுத்தார். நூடுல்ஸ் வந்தது. மேலே ஒரு முட்டைப் பொரியல், பக்கத்தில் மஞ்சள் முள்ளங்கி, பச்சை வெங்காயம். நல்ல ருசி. அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் குறைந்ததும் யூவும் அவர் மனைவியும் மூலை மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் சீனச்சி. கிண்ணத்தை வாயருகே தூக்கி, குச்சியால் சோற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அது மேசையிலேயே இருந்தது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் சோற்றை எடுத்து, குனிந்து சாப்பிட்டார். கிண்ணத்தைத் தூக்கினால் பிச்சைக்காரப் பயலே என்று அம்மா நம் கையில் போடுவாளே, அந்தக் கையில் அடி வாங்கி வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற மாதிரி.

இங்கேயே பல வருஷம் இருக்கிற ஆள், பழகியிருக்கும் என்று நினைத்தேன். அப்போது மாமனார், “இந்தாய்யா யூ, நம்ம கையால ஒரு கிளாஸ் குடி” என்று சாராயத்தை நீட்டினார். அவர் எழுந்து வந்தார். இரண்டு கையாலும் வாங்கினார். பெரியவர் எதிரே குடிக்கக் கூடாதென்று உடம்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார். “பார்த்தியா, சீனனா இருந்தாலும் மரியாதை தெரிஞ்சவன்” என்று மாமனார் மெச்சினார்.

அண்ணி, கிளாஸைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டு விரல் பாதிதான் இருந்தது. நம் வீட்டு வைக்கோல் வெட்டியில் போன விரல்.

எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. “மான்சிக் அண்ணா?”

அவர் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். “அம்மா தப்பு. நம்ம ஆளு யூ. சாந்துங் ஆளு” என்றார். சமையலறைக்குள் போய்விட்டார். மறுபடியும் மாவை அடிக்கிற சத்தம் கேட்டது. கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை, நாங்களும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். யாருக்காக அடித்தார்?

“உன் முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?” என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் உயிரோடு இருக்கிறார், அண்ணி. இதை எழுதிவிட்டு நானே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை.

கில்ஜா

உய்சொங்
20 செப்டம்பர் 1969

கில்ஜா,

என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துதான் எழுதினாயா? செக்குக்குப் போக வறுத்துக்கொண்டிருந்த எள் முழுக்கக் கருகிப் போயிற்று. கடைக்கு வந்தவர்கள் புகையைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். நான் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இல்லை. அவராக இருக்க முடியாது. விரல் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிழைக்க வந்த இடத்தில் குனிந்து சாப்பிடவும் திரும்பிக் குடிக்கவும் யாராலும் கற்றுக்கொள்ள முடியும். நீ களைப்பில் இருந்தாய். புது வீடு, புது ஊர்.

அந்தப் பாதி விரலில் நகம் எப்படி இருந்தது? அவருக்குப் பூண்டுப் பல் மாதிரி வளைந்து முளைத்திருந்தது. அதைப் பார்த்தாயா?

வருஷா வருஷம் அவர் திவசத்தன்று சோற்றைக் குவித்து, அதில் கரண்டியைக் குத்தி வைத்து, அவர் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேனே. அப்போது அவர் இஞ்சொனில் உட்கார்ந்து யார் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்? அடுத்த வாரம் அறுவடைப் பண்டிகை வருகிறது. உயிரோடு இருக்கிற ஆளுக்குப் படையல் போடுகிற மனைவி யாராவது உண்டா? போடாமல் விட்டு, அவர் உண்மையிலேயே செத்திருந்தால்?

பியோவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்தால் கடையின் பின்பக்கம் போய்விடுகிறேன்.

இன்னொரு தடவை போய்ப் பார். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்றும் எழுது. எதற்கு என்று கேட்காதே.

ஒக்நாம்

இஞ்சொன்
1 அக்டோபர் 1969

அண்ணிக்கு,

போனேன். பார்த்தேன். பூண்டுப் பல்தான்.

கடை திறக்கிற நேரத்துக்குத் தனியாகப் போனேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “கடை இன்னும் இல்லை, அம்மா. அப்புறம் வா” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“யாருகிட்ட இந்தச் சீன வேஷம்? அம்மா செத்துட்டாங்க, தெரியுமா? உங்க பேரைச் சொல்லிக்கிட்டே செத்தாங்க. அந்த வார்த்தைகூட உங்களுக்குச் சுடலையா?”

அவர் கையில் கத்தி நிற்கவில்லை. “வெங்காயம் எரியுது. நம்ம ஆளுக்கு வேலை இருக்கு” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தாலா என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி நடந்தேன். தெருமுனையில் அந்தப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஒல்லியானவள், முன்பல் ஒன்று இல்லை. நம்மைவிட மூத்தவளாக இருப்பாள். கெஞ்சுகிற முகம் என்று எழுத நினைத்தேன், ஆனால் அவள் கெஞ்சவில்லை.

“தங்கச்சி, கேட்டுட்டுப் போ. இவன் பட்டாளத்துல இருந்து ஓடி வந்தவன். குளிர்காலம். எங்க வீட்டு முட்டைக்கோஸ் குழியில ஒளிஞ்சு கிடந்தான். என் புருஷன் அதுக்கு முன்னாடியே சண்டைக் கப்பல் போட்ட குண்டுல செத்துட்டான். செத்தவன் அடையாளத் தாளை இவனுக்குக் குடுத்தேன், செத்தவன் பேரும் குடுத்தேன். யூ என் புருஷன் பேரு. இப்ப விஷயம் வெளிய வந்தா இவன் ஜெயிலுக்குப் போவான். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பள்ளிக்கூடம் போற வழியில சீனச்சி, சீனச்சின்னு கல்லால அடிக்கிறாங்க. நாளைக்கு அதுங்க சீனச்சியும் இல்லைன்னா, அதுங்க யாருன்னு நீயே சொல்லு.”

கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் எந்தப் பெயரில் இருந்தாலும் என் அண்ணன்தான், உங்கள் புருஷன்தான். பயத்தில் ஓடினார், பயத்தில் ஒளிந்தார். ஊரில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள்? நாம் பொறுமையாக இருந்தால் ஒருநாள் வாயைத் திறப்பார். அதுவரை பியோவுக்குத் தலையாட்டாதீர்கள். கல்யாணப் பேச்சை நிறுத்திவிடுங்கள். உயிரோடு இருக்கிற புருஷனை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கட்டிக்கொண்டால், நாளைக்கு மேலுலகத்தில் அம்மாவின் முகத்தில் நாம் எப்படி விழிப்போம்? நீங்கள் அப்படிச் செய்தால் எனக்கு அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கில்ஜா

உய்சொங்
14 அக்டோபர் 1969

கில்ஜாவுக்கு,

போன வாரம் நான் இஞ்சொனுக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. கோபம் வந்தால் பட்டுக்கொள், வந்திருந்தால் நீ என்னைத் தனியாகப் போக விட்டிருக்க மாட்டாய்.

சுன்ஹே கடையில் மதியக் கூட்டம் போகிறவரை எதிர்ப்பக்கம் நின்றேன். பிறகு உள்ளே போனேன். “வாங்க வாங்க! அம்மா ஒரு ஆளா? ஒரு ஆளுக்கும் நம்ம ஆளு நல்லா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தேன்.

“நூடுல்ஸா?” என்றார். “ஆமா” என்றேன்.

கொண்டுவந்து வைத்தார். வெள்ளை நூடுல்ஸ் மேல் கறுப்புச் சாந்து. உய்சொங்கில் சீனக்கடை இருந்தும் தனியாகப் போய்ச் சாப்பிட எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கே தொட்டு எப்படிக் கிளறுவது என்று தெரியாமல் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்து குச்சியை வாங்கி, நின்றபடியே, அடியிலிருந்து புரட்டிப் புரட்டிக் கிளறிக் கொடுத்தார். கில்ஜா, அந்த வீட்டில் நான் மருமகளாக இருந்த நாளெல்லாம் அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. சீனராக மாறித்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது போலிருக்கிறது.

“அம்மா எந்த ஊரு?”

“உய்சொங்.”

“தூரம்.”

“ஒரு நாள் ரயில்தான். வரணும்னு நினைக்கிறவங்க வந்துடலாம்.”

அவர் மேலங்கியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். அவர் பெண்டாட்டி சமையலறைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

“எனக்குக் கல்யாணம் பேசியிருக்கு. என் முதல் புருஷன் சண்டையில செத்துட்டார்னு தாள் வந்துச்சு. இப்ப அவர் சாகலைன்னு ஒரு பேச்சு வருது. அவர் உயிரோட இருந்து, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கட்டிக்க மாட்டேன். அவரைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரயில் ஏறினேன். உன்னிடம் மறைக்கவில்லை. அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் பியோவை விட்டிருப்பேன். ஜெயில், போலீஸ், இரண்டு பெண்கள் எதையும் யோசித்திருக்க மாட்டேன். அந்த நிமிஷம் அவ்வளவு மோசமானவளாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

“செத்துப்போச்சு, அம்மா” என்றார். “நம்ம ஆளு பார்த்துச்சு.”

குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். “நல்லாப் பார்த்தீங்களா?”

“நல்லா. பக்கத்துல இருந்து.”

“எப்படிச் செத்தார்?”

“பயத்துல. பயந்து ஓடுச்சு. ஓடும்போதே செத்துப்போச்சு.”

“கடைசியில ஏதாவது சொன்னாரா?”

“சொல்லலை. வெட்கம்.” பிறகு, “புது மாப்பிள்ளை நல்ல ஆளா?” என்று கேட்டார்.

“என்னைக் கேட்டுட்டுத்தான் எதையும் செய்யற ஆளு.”

“அப்ப கட்டிக்க, ஒக்நாம்” என்றார்.

அதில் மட்டும் சீனப் பேச்சு இல்லை. என் பெயர் வந்தது, ஆனால் எதற்காக வந்தது பார். இன்னும் அந்த அதிர்ச்சி எனக்குத் தீரவில்லை. ஊருக்குத் திரும்பி இத்தனை நாள் ஆகியும் ஒரு சாமானை எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறேன்.

நான் எழுந்திருப்பதற்குள் உள்ளே போய், ஒரு தட்டு நிறையக் கறிக் கொழுக்கட்டை பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். “கடை சும்மா குடுக்குது. கல்யாணத்துக்கு” என்றார். பிறகு வெளியே வரவே இல்லை. நான் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வந்தேன். ஆத்திரத்தில் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. வாசலில் அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். நானும் தாழ்த்தினேன். இத்தனை வருஷம் அவரைச் சாகாமல் பார்த்துக்கொண்டவள் அவள். நான் பார்த்துக்கொண்டது அவர் படையல் தட்டை.

பியோவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஊரும் கடையும் மட்டும் சொல்லவில்லை. அவர், “செத்தவரே செத்துட்டேன்னு சொன்னா அதுக்கு மேல சாட்சி எதுக்குங்க?” என்றார். சொல்லிவிட்டுப் போய் அன்று முழுக்க எல்லாருக்கும் கோணலாக முடி வெட்டினார்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்தபோது வலித்தது. இப்போது பார்த்தால் நீ எழுதியது சரிதான். அவர் செத்துவிட்டார், அதனால் நான் உன் அண்ணி இல்லை. இனி என்னை என்னவென்று கூப்பிடுவது என்று நீயே யோசித்துக்கொள். கூப்பிடாமல் இருந்தாலும் உன்மேல் வருத்தப்படுவேனே தவிர, கோபப்பட மாட்டேன்.

ஒக்நாம்

இஞ்சொன்
21 அக்டோபர் 1969

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே சுன்ஹேவுக்கு ஓடினேன். அவரை அடிக்கப் போனேனா, காலில் விழப் போனேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கதவில் பலகை அடித்திருந்தது. பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பக்கத்துப் புட்டுக்கடைக்காரி வெளியே வந்தாள். “தைவானுக்குப் போறோம்னு சொன்னாங்க. பொண்ணுங்க ரெண்டும் ஒரே அழுகை. ஒரு அதிசயம் கேளு. இத்தனை வருஷமா அரைப் பேச்சு பேசின மனுஷன், கதவைச் சாத்திட்டு இந்த மேட்டுத் தெருவைப் பார்த்து, ‘போயிட்டு வர்றேம்மா’ன்னு சுத்தமாச் சொல்றான். எங்க கத்துக்கிட்டானோ!”

எங்கள் வீடு அந்த மேட்டில்தான் இருக்கிறது. நான் அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மறுபடியும் ஓடிவிட்டார். நீங்கள் போனதால் இல்லை, நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கேயே நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். புட்டுக்கடைக்காரி என்னைக் கடைக்குக் கடன் கொடுத்து ஏமாந்தவள் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் சொன்னாள்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். பெண் வீட்டுப் பக்கத்தில் நிற்க யாருமில்லை என்று ஊரில் ஒருவர் வாய் திறக்கக் கூடாது. யார் இவள் என்று கேட்டால் கூடப்பிறந்தவள் என்று சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை,
கில்ஜா